தோல்வியில் பிறந்த காவல் படை



1972 செப்டம்பர் 5. மியூனிக் ஒலிம்பிக் கிராமத்துக்குள் புகுந்த பாலஸ்தீன ஆயுதக் குழுவினர் எட்டுப் பேர், இஸ்ரேல் அணியினர் இருவரைக் கொன்று, ஒன்பது பேரைப் பிணைக்கைதிகளாகப் பிடித்தார்கள். அன்றிரவு விமானத் தளத்தில் அவர்களை மீட்கக் காத்திருந்த குறிபார்த்துச் சுடும் காவலர்கள் ஐந்தே பேர். அதற்கான தனிப் பயிற்சியும் இல்லை. தங்களுக்குள் பேச வயர்லெஸும் இல்லை. ஒன்பது பேரும் மாண்டனர். காவலர் ஒருவரும் பலியானார்.

அதன் பிறகுதான் மேற்கு ஜெர்மனி 'ஜிஎஸ்ஜி 9' படையை அமைத்தது. ராணுவத்தில் அல்ல, எல்லைக் காவல் போலீசில். உள்நாட்டில் ராணுவத்தை இறக்க அந்நாட்டு அரசியல் சட்டம் கடும் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. ஹிட்லர் காலத்தில் பட்ட பாடு அப்படி.

உல்ரிச் வேக்னர் அப்படையை உருவாக்கிப் பயிற்சி கொடுத்தார். 1977 அக்டோபர் 18, நள்ளிரவு. சோமாலியாவின் மொகதிசு விமான நிலையத்தில், கடத்தப்பட்ட லுஃப்தான்சா விமானத்துக்குள் புகுந்து, உள்ளே இருந்த பிணைக்கைதிகள் அனைவரையும் உயிருடன் மீட்டார்கள். விமானி யூர்கன் ஷூமானை மட்டும் கடத்தல்காரர்கள் முன்பே கொன்றுவிட்டிருந்தார்கள்.

தப்பைச் சிவப்பு மையால் வட்டமிட்டால் போதாது, திருத்தி மறுபடி எழுத வேண்டும் என்று வகுப்பில் சொல்வேனே, நினைவிருக்கிறதா? ஒரு நாடு அப்படித் திருத்தி எழுதியது. ஆனால் மியூனிக்கில் போன உயிர்கள் போனவைதான். பயிற்சி முன்பே இருந்திருக்க வேண்டும்.