மூன்று ஓலை

ஆவடியில் எங்கள் பங்குக் கோவிலின் திருமணப் பதிவேட்டைப் பதினோரு வருஷமாக நான்தான் எழுதுகிறேன். கையெழுத்து ஃபாதருடையது; பெயர், ஊர், சாட்சிகள் எல்லாம் என் எழுத்து. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பிறகு, மணமக்கள் ஞானஸ்நானம் பெற்ற கோவில்களுக்குக் கடிதம் போக வேண்டும். அங்கே அவர்கள் பெயருக்கு எதிரே, ஏட்டின் ஓரத்தில், இந்தத் திருமணத்தைக் குறித்துக்கொள்வார்கள். பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் காலத்தில் வெளியாகி, 1908 ஈஸ்டர் முதல் நடைமுறைக்கு வந்த ‘நே தெமெரே’ ஆணை இதைக் கட்டாயமாக்கியது. "டீச்சர், லெட்டர் போயிடுச்சா?" என்று ஃபாதர் கேட்காத திங்கட்கிழமை அபூர்வம்.

கடிதத்துக்கு முன்னால் வருவது ஓலை. மூன்று ஞாயிறு, பூசை முடிவில், இன்னாரின் மகன் இன்னாரின் மகளை மணக்க இருக்கிறார், தடை தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள் என்று வாசிப்பார்கள். பனையோலை போய்க் காகிதம் வந்தும் பெயர் மாறவில்லை. 1215-இல் நான்காம் இலாத்தரன் சங்கம் இந்த அறிவிப்பைத் திருச்சபை முழுமைக்கும் விதித்தது. 1563-இல் திரெந்து சங்கம் அதை மூன்று முறை என்று வகுத்து, குருவும் சாட்சிகளும் முன்னிற்காத மணம் செல்லாது என்றது. ரகசியக் கல்யாணத்தையும் நெருங்கிய உறவில் மணப்பதையும் தடுக்கத்தான் இவ்வளவும்.

ஆவடியில் இது வேறொன்றாகிவிட்டது. 1949-இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள், 1964-இல் தொழிற்பேட்டை, 1965-இல் ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி. வேலை தேடித் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். ஊரில் ஓலை வாசித்தால் நாலு தலைமுறை தெரிந்தவர்கள் கேட்பார்கள். இங்கே அவருடைய அப்பா யார் என்று யாருக்குத் தெரியும்? 1969-இல் அவர் பெயரை மூன்றாம் ஓலையாக வாசித்த அன்று, கோவில் வாசலில் முகம் மட்டும் பழகிய நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு, "சமையலுக்கு ஆள் பார்த்தாச்சா தம்பி?" என்று கேட்டார்களாம். தடை கேட்க வந்த ஓலை உறவு கொண்டுவந்தது.

பெண் வீட்டார் இங்கேயே வந்து கல்யாணத்தை நடத்தினார்கள். அம்மாவின் தாலியில் புறா. தாலியைக் கிறிஸ்தவர்கள் சும்மா பெறவில்லை. 1704-இல் புதுச்சேரியில் போப்பின் தூதர் தூர்நோன், பிள்ளையார் உருவமுள்ள தாலியையும் 108 இழைக் கயிற்றையும் தடைசெய்தார். தாலியையே விடச்சொன்னால் எந்தத் தமிழ்ப் பெண் ஒப்புவாள்? சிலுவையும் மாதாவும் பரிசுத்த ஆவியின் புறாவும் அந்த இடத்தில் ஏறிக்கொண்டன. நாத்தனார் முடிச்சும் அப்படியே நின்றது. அப்பாவின் தங்கைக்கு நிறைமாதம், ரயில் ஏற முடியவில்லை. அப்பா ஒரு முடிச்சுப் போட்டதும், பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அம்மாவின் பின்னலை ஒதுக்கி, மற்ற இரண்டையும் போட்டார். கயிற்று மஞ்சள் அவர் விரலில் ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் போகவில்லை என்பார். எங்களுக்கு அவர் அத்தை. என் ஞானத்தாயும் அவரே.

எங்கள் பாட்டிமார் இந்த அருட்சாதனத்தை ‘மெய்விவாகம்’ என்றுதான் செபத்தில் சொன்னார்கள். இன்றைய பெயரைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். மெய் என்றால் உடம்பு, மெய் என்றால் உண்மை. இந்த அருட்சாதனத்தை வழங்குவது குருவல்ல, மணமக்களே ஒருவருக்கொருவர் வழங்குகிறார்கள் என்பது எங்கள் திருச்சபையின் போதனை. ஃபாதர் திருச்சபையின் பெயரால் சம்மதத்தைக் கேட்டுப் பெறுகிற சாட்சி. அதனால்தான் சாட்சிகளின் பெயரை எழுதும்போது நான் அவசரப்படுவதில்லை.

அப்பா இறந்தபின் அவர் ஊருக்குப் போயிருந்தேன். ஞானஸ்நான ஏட்டை எடுத்துக் காட்டினார்கள். பூச்சி அரித்த பக்கம், இலத்தீனில் அவர் பெயர். ஓரத்தில், வேறு மையில், வேறு யாரோ எழுதியது: ஆவடி, 1969. அந்த ஊரில் ஆவடியைப் பார்த்திராத ஒரு கை அதை எழுதியிருக்கும்.

அத்தையின் பேத்திக்கு வருகிற ஞாயிறு மூன்றாம் ஓலை. பெண்ணுக்குச் சாட்சியாக யார் பெயரை எழுதட்டும் என்று கேட்டேன். "உங்க பேரைத்தான் டீச்சர் அத்தை" என்றாள்.