நந்தா விளக்கும் மரத்தின் இரவும்

கார்த்திகைத் திங்களில் காரைக்குடி வீட்டு வாயில்களில் அகல்விளக்குகள் நிரல்படச் சுடர்கின்றன. இக்காலத்தில் விழாக்கள்தோறும் தெருவோர மரங்களும் மின்விளக்குச் சரங்களால் சுற்றப்படுகின்றன.

விளக்கு ஈதல் வணிகர் குடிக்குப் பழைய அறமாகும். போளூரை அடுத்த திருமலையில், முதலாம் இராசேந்திர சோழனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று உள்ளது. வணிகன் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்தின் நந்தா விளக்கு ஒன்றிற்கு 20 காசும், திருவமுதிற்கு 10 காசும் அளித்ததை அது கூறுகிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக அவ்வம்மையாரின் பெயர் நிலைபெறக் காரணம் ஒரே ஒரு விளக்கு.

பகவான் மகாவீரர் கேவலஞானம் எய்தியது சால மரத்தடியில். மரமும் ஓரறிவுயிரே, அதன் கிளைகளில் பறவைகள் துயில்கின்றன. அடிக்கும் ஆணியும் இரவெல்லாம் எரியும் ஒளியும் அவற்றிற்கு இடுக்கண் செய்வன. எனவே தீபத் திருநாளில் மரங்களை இருளில் உறங்கவிட்டு, வாயிலில் ஓர் அகல் ஏற்றுதலே கொல்லாமை அறத்திற்கு இயைந்ததாகும்.