தோல் கொடுத்தவர்களின் தீர்ப்பு

"எனக்குப் பிடித்த பாட்டு, எனக்குப் பிடித்த படம், எனக்குச் சிரிப்பு வந்த காமெடி. இதில் எதற்கு உங்கள் அரசியல்?" நம் இளைஞர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. ரசிப்பது அவரவர் உரிமைதான், அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எதைக் கேட்டு உருக வேண்டும், யாரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பதை நாம் பிறப்பதற்கு முன்பே ஊர் முடிவு செய்து வைத்திருக்கிறது. அந்த முடிவுக்கு ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் ரசிகராக மட்டும் இருப்பது நமக்குக் கட்டுப்படியாகாது.

ஆரணி பட்டு நெய்யும் ஊர். முதலாளியிடம் பாவும் ஊடையும் வாங்கி வந்து கூலிக்கு நெய்யும் குடும்பங்கள் நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் இருக்கின்றன. தறிச் சத்தத்தோடு சினிமாப் பாட்டும் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். நெசவு தெரிந்தவர் சேலையைக் கையில் எடுத்ததும் புரட்டி அதன் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். கலையையும் நாம் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

நந்தனாரிடமிருந்து தொடங்குவோம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் ஆதனூர் நந்தனார் என்ன தொழில் செய்கிறார்? கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுக்கிறார். அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் போய் முழங்குகிறது. அவரோ வெளியே நிற்கிறார். தில்லைக்குள் போக வேண்டுமென்றால் தீயில் இறங்கியாக வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இந்தக் கதையை இசைக் கதையாக்கினார். பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் பண்ணையார் ஒருவரை அவர் உள்ளே கொண்டுவந்தார். அதன்பிறகு நந்தன் அனுமதி கேட்டுக் கெஞ்சும் அடியாளாகவே மேடைகளில் நின்றார். சினிமா வந்ததும் முதலில் பிடித்துக்கொண்ட கதைகளில் இதுவும் ஒன்று. 1935இல் வந்த படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார், அதற்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் என்பது அன்றைக்குப் பெரிய பேச்சு. 1942இல் ஜெமினி எடுத்த படத்தில் தண்டபாணி தேசிகர் நடித்தார். இரண்டுமே இசைக்காகக் கொண்டாடப்பட்டன. நந்தனுக்காக அழுத ரசிகர்களில் எத்தனை பேர் தங்கள் தெருவைச் சேரிக்குத் திறந்துவிட்டார்கள்? ஒரு பாட்டு நம்மை உருக்குகிறது என்பதாலேயே அது நம் பக்கம் நிற்கிறது என்று ஆகிவிடாது.

இந்தக் கண்ணீருக்குச் சிரிப்பால் பதில் சொன்னவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். அவருடைய 'கிந்தனார்' கதாகாலட்சேபம் மேடையிலும், 1949இல் அண்ணாவின் எழுத்தில் வந்த 'நல்லதம்பி' படத்திலும் இடம்பெற்றது. ஒரே ஆள் நின்றுகொண்டு கதை சொல்லி, பாடி, கிண்டலடித்துக் கூட்டத்தைச் சிரிக்க வைக்கும் வடிவம் அது. இன்று ஸ்டாண்ட்-அப் காமெடி என்று சீட்டு வாங்கிப் பார்ப்பதற்கு நம் ஊர்த் தாத்தா என்றே சொல்லலாம். நந்தன் கோயிலுக்குப் போக ஆசைப்பட்டார், கிந்தனோ படிக்க ஆசைப்பட்டான். நந்தன் தீயில் இறங்கினார், கிந்தன் ரயில் ஏறினான். நந்தன் சோதியில் மறைந்துபோனார், கிந்தன் கல்வி அதிகாரியாகத் திரும்பி வந்தான். சிரித்துக்கொண்டே ஒரு புராணத்தைத் தலைகீழாக்கிய வேலை இது. நகைச்சுவை என்றால் எளியவரை அடிப்பதுதான் என்று நினைப்பவர்கள் கிந்தனாரைத் தேடிப் பார்க்க வேண்டும். ஆனாலும் அங்கே நமக்காக இன்னொருவர்தான் பேசினார். நாமே பேசியது எப்போது?

நாம் பேசத் தொடங்கியதே 'மாட்டேன்' என்ற சொல்லில்தான். தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் பறையடிக்க மறுக்கும் போராட்டங்களை நடத்தினார். 1965இல் ஒன்றிய அரசு அமைத்த தீண்டாமை பற்றிய குழுவுக்குத் தலைமை வகித்து, 1969இல் அறிக்கை தந்தவரும் அவர்தான். ஊரில் சாவு விழுந்தால் அடித்தே ஆக வேண்டும், கூலி ஊர் பார்த்துக் கொடுப்பது, மறுத்தால் உதை. அந்தப் பறையைக் கீழே போட்டவர்கள் இசையை வெறுத்தவர்கள் அல்லர். கட்டாயத்தை வெறுத்தவர்கள்.

பின்னர் வந்த தலைமுறை அதே பறையைக் கையில் எடுத்தது. கே.ஏ. குணசேகரன் போன்றவர்கள் நாட்டுப்புற இசையை விடுதலை அரசியலின் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடையேறியது. சாதியற்ற தமிழர் என்ற பண்டிதர் அயோத்திதாசரின் சிந்தனையிலிருந்து பெயர் எடுத்துக்கொண்ட குழு அது. சாவு வீட்டில் முடங்கிக் கிடந்த கானா பெருந்திரளின் பாட்டானது. 2025இல் பறை இசைக்காக வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

அப்படியானால் பறையை மறுத்த தாத்தா தவறா, எடுத்த பேரன் தவறா? இருவருமே சரி. தாத்தா 'மாட்டேன்' என்று சொல்லி வாங்கிக் கொடுத்த உரிமையில்தான் பேரன் 'அடிப்பேன்' என்கிறான். மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் கலை என்பது வேறு பெயரில் வேலைவாங்குவதுதான். இன்றும் ஏதோ ஓர் ஊரில் ஒருவரை மிரட்டிப் பறையடிக்க வைத்தால், அதை 'நம் பண்பாடு' என்று செல்போனில் படம் பிடித்துப் போடுவதற்கு முன் நாம் யோசிக்க வேண்டும்.

சிரிப்புக்கும் இதே அளவுகோல்தான். ஆரணி வட்டாரம் தெருக்கூத்தின் நிலம். கண்ணப்பத் தம்பிரானின் புரிசையும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. கூத்தில் கட்டியக்காரன் அரசனையே கிண்டலடிப்பான். ஊரையும் சேரியையும் பிரித்த கோட்டையும் அவன் கிண்டலடித்தானா என்று கேட்பது நம் உரிமை. தமிழ்ச் சினிமாவின் காமெடி பல பத்தாண்டுகளாகக் கருப்பு நிறத்தையும் சேரிப் பேச்சையும் காட்டிச் சிரிக்க வைத்தது, நாமும் சேர்ந்துதான் சிரித்தோம். 2018இல் 'பரியேறும் பெருமாள்' வந்தது. பெண் வேடமிட்டு ஆடும் தந்தையின் வேட்டியை உருவி ஓடவிடும் காட்சியில், துரத்தியவர்கள் சிரிக்கிறார்கள், அரங்கம் சிரிக்கவில்லை. அந்த மௌனத்தை வரவழைத்ததுதான் அந்தப் படத்தின் சாதனை என்போம். இட ஒதுக்கீட்டைக் கேலி செய்து கைதட்டு வாங்கும் ஸ்டாண்ட்-அப் மேடைகளுக்கு நடுவே, மஞ்சீத் சர்க்கார், அங்குர் தங்கடே போன்ற தலித் கலைஞர்கள் 'ப்ளூ மெட்டீரியல்' என்று குழுவாகச் சேர்ந்து தங்கள் கதையைத் தாங்களே சொல்லிச் சிரிக்க வைக்கிறார்கள். கிந்தன் இப்போது தானே மைக் பிடித்திருக்கிறான்.

நந்தனின் தோல் இன்னும் வெளியேதான் நிற்கிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம். மிருதங்கம் செய்யும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய நூலின் வெளியீட்டுக்கு, 2020இல் கலாக்ஷேத்ரா முதலில் அரங்கம் தந்துவிட்டுப் பிறகு மறுத்தது. தோல் வேண்டும், தோலின் கதை வேண்டாம்.

தோழர்களே, பிடித்ததைக் கொண்டாடுங்கள், பிடிக்காததைக் காரணத்தோடு சொல்லுங்கள். அதோடு ஒரு வேலையும் செய்யுங்கள். உங்கள் தெருவில் பறையைக் கீழே போட்ட பெரியவர் யாராவது இருப்பார். எந்த ஆண்டு, யார் வீட்டுச் சாவு, ஊர் என்ன செய்தது, எத்தனை நாள் வேலை இல்லாமல் கிடந்தார்கள் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை, அவர்களோடு போய்விடும். அடுத்த பாட்டுக்கும் அடுத்த படத்துக்கும் அடுத்த சிரிப்புக்கும் அதுதான் நம் பாவு.

ஜெய்பீம்.