நான் கேட்ட முதற் கச்சேரி

என் சிறுவயதில் பாட்டு என்றால் எங்களுக்குப் பூசைப் பாட்டும், திருவிழாவன்று மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியும்தாம். "கச்சேரியெல்லாம் கோயில்காரர் சமாச்சாரம், நமக்கெதற்கு?" என்பார் ஊர்ப் பெரியவர் ஒருவர். நானும் அப்படியே நம்பியிருந்தேன்.

சேலத்தில் மாமா ஒரு மாலை என்னைக் கச்சேரிக்கு அழைத்துப் போனார். மிருதங்கக்காரர் கல்லால் விளிம்பைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்ததை வாய்பிளந்து பார்த்தேன். ராகம் ஒன்றும் புரியவில்லை, தூக்கம்கூட வந்தது. கடைசியில் ஒரு தமிழ்க் கீர்த்தனை. மாமா என் தொடையைத் தட்டி, "மாப்பிள்ளே, இது நம்ம வேதநாயகம் பிள்ளை பாட்டுடா!" என்றார்.

குளத்தூரில் 1826-இல் பிறந்த கத்தோலிக்கர் அவர், மாயூரத்தில் முன்சீப். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நண்பர். 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) எழுதியவர் என்று மட்டுமே பள்ளியில் படித்திருந்தோம். எல்லாச் சமயத்தாரும் பாடும்படி 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' இயற்றினார் என்பதை அன்றுதான் அறிந்தேன். 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் தம் பொருளைக் கொடுத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தவர். பஞ்சத்தைப் பற்றியும் பாடினார். அன்று சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்த நம் பகுதியையும் அந்தப் பஞ்சம் வாட்டியது. நம் பாட்டனாரின் பசியைப் பாடியவர் பாட்டு நமக்கு அந்நியமா?

ஊர் திரும்பியதும் பெரியவரிடம் ஓடிச்சென்று சொன்னேன். அவர் நம்பவில்லை. பாடிக் காட்டச் சொன்னார். எனக்குப் பல்லவி மட்டுமே நினைவிருந்தது.