கள்ளுக்கடை வாசலில் தந்தையும் மைந்தனும்

இராசேந்திர சோழனின் கடற்படை 1025-ஆம் ஆண்டில் கடாரத்தை வென்ற செய்தியைத் தமிழ் மாணவர் யாவரும் அறிவர். அக்கடாரமே இன்றைய கெடா. அங்குள்ள புஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில்களைக் காணச் செல்வோர் பீடோங் பட்டணத்திற்கு அருகிலேயே செல்கின்றனர். அந்தப் பீடோங்கில் 1947-ஆம் ஆண்டு ஒரு கள்ளுக்கடையின் முன்னே தமிழ்த் தொழிலாளர் திரண்டு நின்றதையும், அதன் விளைவாக ஓர் உயிர் போனதையும் அறிந்த மாணவர் எத்தனை பேர்? கடல் கடந்து வந்து வென்ற மன்னனின் வரலாறு கல்லிலே பொறிக்கப்பட்டது. கடல் கடந்து வந்து உழைத்தவனின் வரலாறோ வாய்மொழியாக நின்று, சொல்வோர் மறைய மறையத் தேய்ந்து வருகிறது.

பீடோங் நிகழ்ச்சியைத் தொழிற்சங்க வரலாறாக எழுதியோர் உண்டு. அரசியல் வரலாறாக ஆராய்ந்தோரும் உண்டு. ஆயினும் அது குடும்ப வரலாறுமாகும். குடித்த தந்தையர் ஒருபுறமும் குடியைத் தடுத்த மைந்தர் மறுபுறமுமாக ஒரு சமுதாயம் நின்ற நாள்கள் அவை. அந்நிலை எவ்வாறு தோன்றியது என்று காண்பது, தோட்டத்துப் பெற்றோர்க்கும் பிள்ளைகளுக்கும் இடையே இருந்த அன்பையும் சினத்தையும் ஒருசேரக் காண்பதாகும்.

1909-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் சயாமோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி கெடா அவர்தம் ஆதிக்கத்தின்கீழ் வந்தது. கூலிம், கோலமூடா வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிமார் தத்தம் ஊர்களுக்குச் சென்று உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்தனர். 1938-இல் மலாயாவிற்குத் தொழிலாளரை உதவித்தொகை தந்து அனுப்பும் முறையை இந்திய அரசு நிறுத்திற்று. அதற்குள் தனியாட்கள் தங்கிப்போகும் இடமாயிருந்த தோட்டம், குடும்பங்கள் வாழும் இடமாக மாறியிருந்தது. பாட்டன் பாட்டியின் முகம் பாராத ஒரு தலைமுறை லயங்களிலே வளர்ந்தது. ஊரிலே ஒரு பிள்ளையைக் கண்டிக்கவும் அணைக்கவும் பாட்டன், தாய்மாமன், அத்தை, ஊர்ப் பெரியவர் எனப் பலர் இருந்தனர். லயத்திலோ அப்பொறுப்பு முழுவதும் தாய் தந்தை இருவர்மேல் விழுந்தது. அவ்விருவரும் பொழுது புலருமுன் வீட்டை விட்டு வெளியேற வேண்டியவர்களாயிருந்தனர்.

விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடப்படும். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத் தாய் தன் நிரைக்கு ஓடுவாள். கொட்டகையில் விடும் பருவத்தைக் கடந்த பிள்ளையை மூத்த மகள் பார்த்துக்கொள்வாள். அவளுக்கே எட்டோ ஒன்பதோ வயதிருக்கும். தம்பியை இடுப்பில் சுமந்ததால் பள்ளியை இழந்த அத்தகைய தமக்கையர் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தனர். சற்று வளர்ந்த பிள்ளைகள் மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் உரிக்கவும் பெற்றோருடன் சென்றனர். 1928-இல் மலாயாவின் முதன்மைத் தோட்டப் பகுதிகளுக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பின்னர் வந்த பொருளாதார மந்தத்தில் அதுவும் குறைந்தது. பிள்ளையின் கையும் சேர்ந்தால்தான் உலை கொதிக்கும் என்ற நிலையில், பெற்றோர் பிள்ளையை வேலைக்கு அழைத்தது அன்பின்மையால் அன்று.

கூட்டு மலாய் மாநிலங்களில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. கெடா அக்கூட்டரசில் சேராத மாநிலம்; எனினும் இங்கும் தோட்டப் பள்ளிகள் எழுந்தன. அவற்றுட் பல ஓராசிரியர் பள்ளிகள், சில வெறுங்கொட்டகைகள். எழுத்தறியாத தந்தைக்கு ஊரிலிருந்து வந்த கடிதத்தை மகன் படித்துக் காட்டிய அன்று தந்தைக்குப் பெருமையும் உண்டாயிற்று, சிறு நாணமும் உண்டாயிற்று. வீட்டில் அறிவின் இருக்கை இடம் மாறத் தொடங்கியதன் முதல் அடையாளம் அது.

வீட்டினுள் தந்தையின் சொல்லுக்கு மறுசொல் இல்லை. வெளியே கிராணியின் முன்னும் துரையின் முன்னும் அதே தந்தைக்குச் சொல்லே இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை நோக்கினால் இவ்வுண்மை புலனாகும். கூலி உயர்வு கேட்டனர்; பிள்ளைகளுக்குத் தக்க கல்வி கேட்டனர்; கள்ளுக்கடைகளை மூடக் கேட்டனர்; துரைமாரையும் கிராணிமாரையும் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். பின்னிருக்கையில் மகன் அமர்ந்திருக்க, தந்தை இறங்கித் தலை தாழ்த்தி நின்ற காட்சியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கூலியோடு அக்கோரிக்கையையும் சேர்த்தவர்கள், பிள்ளையின் கண்முன் தாழ்வதன் வலியை உணர்ந்தவர்கள்.

அந்த வலிக்கு அருகிலேயே மருந்தென்று ஒன்று விற்கப்பட்டது. கள்ளுக்கடை தோட்டத்திலேயோ தோட்டத்தை ஒட்டியோ இருந்தது. அரசின் உரிமம் பெற்று நடந்தது. அரசுக்கு வருவாயும் தந்தது. சம்பள நாளன்று தந்தையை அழைத்துவரத் தாய் மகனை அனுப்புவாள். அவன் கடை வாசலில் நின்று காத்திருப்பான். உள்ளே போக அச்சம்; திரும்பிப் போனால் அம்மாவின் கண்ணீர். அடித்த தந்தையை அவன் வெறுத்தான்; ஆயினும் மாரியம்மன் திருவிழாவில் தோளில் ஏற்றிக் காவடி காட்டிய தந்தையும் அவரே. ஒருவரையே அஞ்சவும், வெறுக்கவும், பிரிய மனமின்றி நேசிக்கவும் அச்சிறுவன் பழகினான். தாயோ மகனிடம் தந்தையைப் பற்றி அழுதாள். மகன் தந்தையைப் பழித்தால் அவனையே கடிந்துகொண்டாள்.

1941 டிசம்பரில் சப்பானியர் படை கெடா வழியே தெற்கே இறங்கிற்று. 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதவர் மிகப் பலர். தந்தை எங்கே இறந்தார் என்றும் அறியாது, ஈமக்கடன் செய்ய நாளும் தெரியாது வளர்ந்த பிள்ளைகள் தோட்டந்தோறும் இருந்தனர். அதே காலத்தில், 1943-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் வந்தபின், இந்திய தேசிய இராணுவம் இளைஞர்க்கு வேறொரு வழியைக் காட்டியது. தோட்டத்துப் பெண்கள் சான்சி ராணிப் படையில் சேர்ந்தனர். சிறுவர்க்குப் பாலசேனை அமைந்தது. அணிவகுத்து நடந்தவர், போர் முடிந்து லயத்திற்குத் திரும்பியபோது முன்போல் குனிந்து நிற்க மனம் கொள்ளவில்லை.

அந்த மனநிலையிலிருந்தே கெடாவில் தொண்டர் படை எழுந்தது. ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி அதன் தலைவருள் முதன்மையானவர். 1946, 1947-ஆம் ஆண்டுகளில் அப்படை தோட்டந்தோறும் பரவிற்று. இளைஞர் அணிவகுப்புப் பழகினர். ஒழுக்கம், கல்வி, ஒற்றுமை ஆகியவற்றை வற்புறுத்தினர். கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். குடித்து வந்தவரைக் கண்டித்தனர். சில வேளைகளில் தண்டிக்கவும் செய்தனர். தடுக்கப்பட்டவர் அயலார் அல்லர். நேற்றுவரை சித்தப்பா என்றும் மாமா என்றும் அழைக்கப்பட்டவர்கள். சிலருக்கு எதிரே நின்றவன் தன் மகனாகவே இருந்தான். சிறுவனாகக் கடை வாசலில் காத்திருந்தவன் இளைஞனாகி அதே வாசலை மறித்து நின்றான்.

1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் நடந்த மறியலைப் போலீசார் கலைத்தனர். தொழிலாளி ஒருவர் இறந்தார். மார்ச்சுத் தொடக்கத்தில் புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் மோதல் மூண்டது. பலர் கைதாகிச் சிறை சென்றனர். ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. அங்கும் ஓர் உயிர் பறிபோயிற்று. 1948 சூன் மாதம் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின் இத்தகைய இயக்கங்களுக்கு இடமே இல்லாது போயிற்று.

இப்போராட்டத்தில் பிழை யாருடையது? புறநானூற்றுப் புலவர் பொன்முடியார் ஒரு மகனை உருவாக்குவதில் ஒவ்வொருவர்க்கும் உள்ள கடமையைப் பகுத்துக் காட்டியுள்ளார். அப்பாடலில் தாயையும் தந்தையையும் மட்டும் பலர் நினைவில் கொள்கின்றனர். ஆனால் புலவர் கொல்லனையும் வேந்தனையும் விட்டுவிடவில்லை. கருவி செய்து தர ஒருவன் வேண்டும். நல்வழிப்படுத்த ஓர் அரசும் வேண்டும். அதன்பின்னரே மகனின் கடமை கூறப்படுகிறது. கெடாத் தோட்டங்களில் தாய் தன் கடமையைச் செய்தாள். தந்தை தவறியது உண்மை. அதை மறைத்தல் ஆகாது. குடித்துவிட்டுக் கை ஓங்கியவர்க்கு வறுமை ஒரு விளக்கமாகலாம், மன்னிப்பாகாது. ஆனால் கருவி தர வேண்டிய பள்ளியைக் கொட்டகையாக விட்டதும், நல்வழிப்படுத்த வேண்டிய அரசே கள்ளுக்கு உரிமம் தந்ததும் அதைவிடப் பெருந்தவறுகள். மைந்தர் தந்தையின் கையை மட்டும் பற்றி நிறுத்தவில்லை. கடையையே மூடச் சொன்னார்கள். அதனாலேயே போலீசார் வந்தனர். தந்தையைத் தடுத்த அவர்களின் செயலில் சினமும் இருந்தது, அவரை மீட்கும் அன்பும் இருந்தது.

பெற்றோரின் அன்பு வேறு வழிகளிலும் வெளிப்பட்டது. விடுதலைக்குப்பின் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகத் தவணை கட்டி 100 வெள்ளிப் பங்கை வாங்கினர். அச்சங்கம் 1961-இல் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். அத்தவணைகள் பிள்ளைகளுக்கென்று கட்டப்பட்டவை.

1969-இல் வேலை அனுமதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமையற்றோர் பெருந்துயருற்றனர். மலாயாவில் பிறந்த மகனிடம் நீல அடையாள அட்டை. தந்தையிடம் சிவப்பு அட்டை. ஏறத்தாழ 60,000 பேர் இந்தியா திரும்பினர் என்பர். ஒரு கூரையின்கீழ் வாழ்ந்த குடும்பங்கள் துறைமுகத்திலே பிரிந்தன. தங்கியவர்களின் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளி முடித்துப் புகுமுக வகுப்பிற்காகப் பட்டணத்துப் பள்ளிகளுக்குச் சென்றனர். தேர்ச்சி அறிக்கையில் கைநாட்டு வைத்த தந்தையைத் தோழர்க்குக் காட்ட நாணியவரும் அவருள் இருந்தனர். அந்நாணம் தந்தைக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் அவர் மறுமாதப் பேருந்துக் கட்டணத்தை எண்ணி வைத்தார்.

இன்று அத்தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. சுங்கைப் பட்டாணியைச் சுற்றி வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. 2001-இல் தொடங்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் பீடோங்கை அடுத்த செமெலிங்கில் நிமிர்ந்து நிற்கிறது. தோட்டக் கள்ளுக்கடை மறைந்தாலும் குடி மறையவில்லை. சம்சு எத்தனையோ குடும்பங்களை அழித்தது.

வரலாறு கற்பிக்கும் ஆசிரியர், கடாரம் வென்ற மன்னனோடு இவ்வரலாற்றையும் வகுப்பில் வைத்தல் வேண்டும். மாணவன் தன் பாட்டனிடம் எந்தத் தோட்டம், எத்தனை மரம், என்ன கூலி என்று கேட்டு எழுதி வரட்டும். குடித்தாரா என்று கேட்க அவனுக்கு நா எழாது, கேட்கவும் வேண்டா. யார் முன் மிதிவண்டியிலிருந்து இறங்கி நின்றீர்கள் என்று கேட்கட்டும். பாட்டன் சொல்லத் தொடங்குவார். அதைக் கேட்ட பின்னர், அவர் பெற்ற மகனாகிய தன் தந்தையின் கடுமையையும் மௌனத்தையும் அம்மாணவன் முன்னினும் தெளிவாக அறிந்துகொள்வான்.