நாற்பது வருடம் காத்திருந்த சந்தேகம்

அஞ்சல்வழியில் படித்தவர்களுக்கு அந்தப் பழுப்பு உறை மறந்திருக்காது. 1980இல் எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டே பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். பாடக் கட்டு தபாலில் வரும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படிப்பேன். ஆசிரியர் முகம் தெரியாது, கூடப் படிப்பவர் யாரென்றும் தெரியாது.

ஒரு பாடத்தில், வங்காளத்தில் ஜமீன்தாரி முறை, சென்னை மாகாணத்தில் ரயத்துவாரி முறை என்று இருந்தது. எனக்குக் குழப்பம். எங்கள் தாத்தா சிவகங்கை ஜமீனுக்குத்தானே வரி கட்டினார்? பயிற்சித் தாளின் கடைசியில் இந்தச் சந்தேகத்தை எழுதி அனுப்பினேன். தாள் திரும்பி வந்தபோது தேர்வே முடிந்திருந்தது. மதிப்பெண் இருந்தது, பதில் இல்லை. பிறகு வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று அந்தக் கேள்வி அப்படியே கிடந்தது.

தபாலில் படிப்பது பழைய ஏற்பாடுதான். இங்கிலாந்தில் 1840இல் ஒரு பென்னி தபால் வந்தபோது, ஐசக் பிட்மன் சுருக்கெழுத்தைத் தபால் மூலமே சொல்லிக்கொடுத்தார். நம் நாட்டில் டெல்லி பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. மதுரைப் பல்கலைக்கழகத்தில் 1971இல் வந்தது. 1985இல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. கல்விக்கென்றே 2004இல் எஜுசாட் செயற்கைக்கோளை அனுப்பினார்கள். 2017இல் 'ஸ்வயம்' இணையத்தளம் வந்தது. என்னைப் போல் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைத்தவர்களுக்கு இவையெல்லாம் பெரிய வாசல்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகு, 2020இல், மறுபடி ஒரு வரலாற்றுப் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். கொரோனா காலம். வகுப்பு முழுக்க ஜூமில். பாடங்கள் வாட்ஸ்அப் குழுவில் பி.டி.எஃப். ஆக வரும். முதல் நாள் உள்ளே நுழையவே அரைமணி நேரம் ஆயிற்று. கேமராவில் என் நெற்றி மட்டும்தான் தெரிந்ததாம். சந்தேகத்தைத் தட்டச்சு செய்யலாம் என்றார்கள். நான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி முடிப்பதற்குள் ஆசிரியர் இரண்டு பக்கம் தாண்டிவிடுவார். கை தூக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கேட்கவும் வெட்கம். மூன்று வாரம் வாய் திறக்கவில்லை.

நான்காவது வாரம், மைக் மூடியிருக்கிறது என்ற நினைப்பில் என் மனைவியிடம், "இந்தத் தம்பி என்னமா ஓடுறார், ஒண்ணும் புரியல" என்றேன். வகுப்பே கேட்டுவிட்டது! எனக்கு வியர்த்துவிட்டது. ஆசிரியர் சிரித்தார். "ஐயா, எங்கே புரியலைன்னு சொல்லுங்க, திரும்பப் போவோம்" என்றார். அன்று நில வரிப் பாடம். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று, அந்தப் பழைய கேள்வியையே கேட்டேன்.

அவர் சொன்னார்: 1802இல் சென்னை மாகாணத்திலும் நிலையான வரித் திட்டத்துக்குச் சட்டம் கொண்டுவந்தார்கள். சிவகங்கை, ராமநாதபுரம் எல்லாம் அப்படித்தான் ஜமீன்களாக நிலைத்தன. தாமஸ் மன்றோவின் முயற்சியால் ரயத்துவாரி பெரும்பகுதியில் பரவியபோதும் அவை ஜமீன்களாகவே தொடர்ந்தன. 1948ஆம் வருடத்து ஒழிப்புச் சட்டம் வரும்வரை இரண்டு முறையும் பக்கம் பக்கமாக இருந்தன. ஆக, பாடப் புத்தகமும் பொய் இல்லை, தாத்தாவும் பொய் இல்லை.

இரண்டே நிமிடம். நாற்பது வருடக் கேள்வி தீர்ந்தது.

அன்று இரவு யோசித்துப் பார்த்தேன். 1980இல் பதில் வராததற்குத் தபாலின் தூரம் காரணம். 2020இல் அந்த மூன்று வாரத்துக்கு யார் காரணம்? ஆசிரியர் எதிரிலேயே இருந்தார். நடுவில் இருந்தது என் வெட்கம்தான்.

மறுநாள் என்னைப் போலவே வாய் மூடியிருந்த இன்னொரு பெரியவருக்கு நானே போன் செய்தேன். கை தூக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தேன்.