சிறையிலிருந்து ஒரு அப்பீல்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், மதுரை

கஞ்சா வைத்திருந்த குற்றத்துக்கு ராஜபாளையம் குற்றவியல் நடுவர் தண்டனை விதித்தால், 30 நாளுக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும், முதன்மை மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில். ஒரு கிலோவுக்கு உட்பட்ட சிறு வழக்குகளுக்கே இந்த வழி. பெரிய வழக்குகளைச் சிறப்பு நீதிமன்றம் விசாரிக்கும். அதன் தீர்ப்பை எதிர்த்து 60 நாளுக்குள் உயர் நீதிமன்றம் செல்ல வேண்டும். 2004 ஜூலை 24 அன்று மதுரைக் கிளை திறக்கப்படும்வரை அது சென்னைப் பயணம்தான்.

1910இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1985இல் ராமநாதபுரத்தைப் பிரித்தபோது இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்குள் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அமலானது. அதற்கு முன்பிருந்த அபின் சட்டங்களையும் 1930ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தையும்விட இது மிகக் கடுமையானது. 1989 திருத்தம், மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது தண்டனையை நிறுத்திவைக்கவே தடை போட்டது. அப்பீல் வென்றாலும் அதற்குள் தண்டனைக் காலம் கழிந்துவிடக்கூடிய நிலை. அநீதியான இந்தத் தடை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. கஞ்சாவுக்கு ஒரு கிலோ (சிறு அளவு), இருபது கிலோ (வணிக அளவு) என்ற வரம்புகள் 2001இல் வந்தன.

சிறையில் இருப்பவர் நீதிமன்றத்துக்கு நேரில் போக வேண்டியதில்லை. மனுவையும் தீர்ப்பு நகலையும் சிறை அதிகாரியிடம் கொடுத்தால் அவரே அனுப்பிவைக்க வேண்டும். 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருந்த இந்த உரிமை, இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 424ஆம் பிரிவு. நகல் கையில் இல்லாவிட்டால் உரிமை ஏட்டோடு நின்றுவிடும். 1978இல் ஹோஸ்கோட் வழக்கில் அதுதான் நடந்தது. உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து நான்கு ஆண்டுகளுக்கும் மேல் கடந்த பிறகே கைதி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார். நகல் சிறைக்கு அனுப்பப்பட்டிருந்தது. தன்னிடம் தரப்படவில்லை என்றார் அவர். அவர் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து இல்லை. நகலை இலவசமாகத் தந்து, கைதியிடம் எழுத்தில் ஒப்புகை வாங்க வேண்டும் என்று நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதினார்.

சிறைக்குள்ளேயே போதைப்பொருள் பிடிபட்டால் சிக்கல் கூடும். தடைசெய்த பொருளைச் சிறைக்குள் கொண்டுவந்தவருக்கு 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் ஆறு மாதம் வரை சிறையோ 200 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ வைத்தது. போதைப்பொருள் வழக்கு தனி. பலர் தங்கும் அறையில் கிடைத்த பொட்டலம் யாருடையது என்பதே அப்பீலின் உயிர்நாடி. அது தன்னிடம் இருப்பதைக் குற்றம் சாட்டப்பட்டவர் அறிந்தே வைத்திருந்தாரா என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். சோதனையிட்டவர் சட்டப்படி செய்தாரா, மாதிரி முறையாக எடுக்கப்பட்டதா என்ற கேள்விகள் அடுத்து வரும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற தூஃபான் சிங் வழக்கில், போதைப்பொருள் தடுப்பு அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை ஒப்புதலாகக் கொள்ள முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஏற்கெனவே தண்டனை அனுபவிப்பவருக்குப் புதுத் தண்டனை, நீதிமன்றம் வேறுவிதமாக ஆணையிடாவிட்டால், பழையது முடிந்த பிறகே தொடங்கும். இரண்டையும் ஏககாலத்தில் அனுபவிக்கக் கோருவதும் அப்பீலில் முக்கிய வேண்டுகோள்.

வக்கீல் வைக்க வழியில்லாதவருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் துணை. காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை உண்டு.